பழவேற்காடு: மழைக்கால ட்ரிப் போறீங்களா? மீன், ஏரி, படகுத் தடை... தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். காலையில் கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்கு நண்டுக் குழம்பு, சாயங்காலம் ஏரிக்கரையில் பறவைகள், ராத்திரி வீடு. பழவேற்காடு என்றதும் பலருக்கும் தோன்றும் ட்ரிப் பிளான் இதுதான். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும் இந்த ஊரைத் தேடி வருகிறவர்களும் அதிகமாகிவிடுவார்கள்.

ஆனா மழைக்காலத்தில்தான் இந்த ஏரி ரொம்ப அழகாகவும் இருக்கும், ரொம்ப ஆபத்தாகவும் இருக்கும். படகில் போகலாமா? எந்த மீன் வாங்கலாம்? 'முகத்துவாரம் அடைச்சுக்கிச்சு' என்று மீனவர்கள் ஏன் வருஷா வருஷம் போராடுகிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பழவேற்காடு ஏரி எங்கே இருக்கிறது?

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி தாலுகாவில் இருக்கிறது பழவேற்காடு. ஊர் தமிழ்நாட்டில் இருந்தாலும், ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது.

ஏரி என்று சொன்னாலும் இது செம்பரம்பாக்கம், புழல் மாதிரியான நன்னீர் ஏரி கிடையாது. தெற்கில் ஆரணி ஆறும், வடக்கில் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிறது. இரண்டும் கலந்த தண்ணீர்தான் ஏரி. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் நீளமாகப் படுத்துக் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆமாம், இஸ்ரோ ராக்கெட் விடும் அதே ஸ்ரீஹரிகோட்டாதான். ராக்கெட் ஏவும் நாட்களில் குறிப்பிட்ட கடல் பகுதிக்குள் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும். அதே நாளில் ராக்கெட் பார்க்க ஏரிக்கரையில் கூட்டம் கூடும்.

ஏரியின் நீளம் சுமார் 60 கிலோமீட்டர். ஆனா ஆழம் ரொம்பக் குறைவு, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். இதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். ஏரிக்குள் ஆழம் குறைவாக இருக்கலாம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கதையே வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

இங்கே 'சால்மன்' கிடைக்குமா?

சூப்பர் மார்க்கெட்டிலும் ஹோட்டல் மெனுவிலும் 'இந்தியன் சால்மன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நம்ம ஊர் காலா மீன். மும்பைப் பக்கம் ராவாஸ் என்பார்கள். வெளிநாட்டு சால்மனுக்கும் இதுக்கும் பெயரைத் தவிர எந்தச் சொந்தமும் கிடையாது, குடும்பமே வேறு. சால்மனின் சதை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். காலாவின் சதை வெள்ளை. நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே மெல்லிய நூல் நூலாகத் தொங்குவதை வைத்துக் காலாவைச் சுலபமாகக் கண்டுபிடிச்சிடலாம். கடலோரத்திலும் கழிமுகங்களிலும் வலையில் சிக்கும் மீன் இது.

ஆனா பழவேற்காட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காலா இல்லை. இறாலும் நண்டும்தான். வெள்ளை இறால், கருப்பு இறால், சேற்று நண்டு ஆகியவைதான் இந்த ஏரியின் அடையாளம். உயிரோடு பிடித்துக் கட்டப்படும் சேற்று நண்டு சிங்கப்பூர் வரைக்கும் ஏற்றுமதியாகிறது. மீன்களில் மடவை, கொடுவா, கிழங்கான், பாலை மீன் எல்லாம் கிடைக்கும்.

சால்மனோடு ஒப்பிடணும்னா இறாலைத்தான் ஒப்பிடணும். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் ஆற்றுக்கே திரும்பும். பழவேற்காட்டு இறால் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறது. கடலில் முட்டையிலிருந்து வெளிவந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு குஞ்சாக இருக்கும்போதே அலையோடு ஏரிக்குள் வந்து, ஏரியில் வளர்ந்து, பெரிதானதும் முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். மடவை மீனும் முட்டையிடக் கடலுக்குத்தான் போகும்.

அப்படின்னா ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் வாசல் திறந்திருந்தால்தான் இறால். வாசல் மூடிக்கிட்டா இறால் இல்லை. பழவேற்காட்டின் மொத்தப் பொருளாதாரமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

முகத்துவாரம் ஏன் அடைத்துக்கொள்கிறது?

கடற்கரையோரமாக மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றில் வெள்ளம் வரும் காலத்தில் ஏரித் தண்ணீர் வேகமாக வெளியேறி, மணலைத் தள்ளி முகத்துவாரத்தைத் திறந்துவிடும். மழை நின்று தண்ணீர் வரத்து குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் மெதுவாகச் சேர்ந்து வாசலை மூடத் தொடங்கும். கோடையில் பல வருஷங்களில் முழுசாகவே அடைபட்டுப்போகும்.

மூடினால் என்ன ஆகும்? முதலில், படகுகள் கடலுக்குப் போக முடியாது, போனாலும் மணல் திட்டில் தட்டும். அடுத்து, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வராது. இது போதாதென்று, கோடை வெயிலில் ஏரித் தண்ணீர் வற்றி உப்பு ஏறிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் மீனுக்கும் ஆபத்து.

மீனவர்கள் தங்கள் செலவிலேயே மணலைத் தோண்டி வழி ஏற்படுத்தியதும் உண்டு. ஆனா தோண்டிய இடம் சில மாதங்களில் மறுபடியும் தூர்ந்துபோகும். இதுக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும் என்பது பல வருஷக் கோரிக்கை. முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கற்களைக் கொட்டி அலைத் தடுப்புகள் அமைத்து, வாசல் எப்போதும் திறந்தே இருக்கும்படி செய்ய சுமார் 27 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இது பறவைகள் சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறை, கடலோர ஒழுங்குமுறை அனுமதிகள் எல்லாம் தேவைப்பட்டன. அறிவிப்புக்கும் வேலைக்கும் நடுவில் வருஷங்கள் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

'பாடு' முறை என்றால் என்ன?

ஏரி பொதுச் சொத்துதானே, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாமே என்று நினைக்கலாம். பழவேற்காட்டில் அப்படி இல்லை. இங்கே தலைமுறை தலைமுறையாக 'பாடு' என்ற ஏற்பாடு இருக்கிறது.

நீரோட்டம் நன்றாக இருந்து இறால் அதிகம் விழும் இடங்கள்தான் பாடு. அந்த இடங்களில் யார், எந்த நாளில் சுத்துவலை கட்டுவது என்பதைக் கிராமங்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. கிராமத்துக்குள் எந்தத் தலைக்கட்டுக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். ஒருவரே எப்போதும் லாபம் பார்க்க முடியாது, ஒருவரே எப்போதும் நஷ்டப்படவும் வேண்டாம். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் பாடு முறையை மீன்வள ஆய்வாளர்கள் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாடு உரிமை பரம்பரையாக மீன்பிடித்து வந்த சில சமூகங்களுக்கு மட்டும்தான். விவசாயக் கூலி வேலை குறைந்ததால் பிறகு ஏரியை நம்பி வந்தவர்களுக்கு அந்த நல்ல இடங்களில் பங்கு கிடையாது. அதனால் எழுந்த சண்டைகளும் உண்டு.

இருளர் சமூகப் பெண்கள் வலையே இல்லாமல் இறால் பிடிப்பதையும் இங்கே பார்க்கலாம். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பறியில் போடுவார்கள். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் இருக்க வேண்டிய வேலை இது. சேற்றில் கிடக்கும் சிப்பி ஓடும் முள்ளும் கையைக் கிழிக்கும். கரையில் நின்று போட்டோ எடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

படகு சவாரி போகலாமா?

நேரடியான பதில்: கூடாது.

2011-ம் ஆண்டு டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் ஏறிய படகு கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்துபோனார்கள். அந்த விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டது.

ஏரி ஆழம் குறைவுதானே, என்ன ஆகிவிடும்? இந்தக் கேள்விக்குப் பதில் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஏரித் தண்ணீர் வெளியேறும் வேகமும், எதிரில் வரும் கடல் அலையும் மோதும் இடம் அது. மணல் திட்டுகள் ஒரு வாரத்துக்கு ஒரு இடத்தில் இருக்கும். மீன்பிடிப் படகு வலையையும் நான்கைந்து ஆட்களையும் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. அதில் இருபது பேர் உட்கார்ந்து, அலை அடித்ததும் பயந்து எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும். மழைக்காலத்தில் வெள்ளம் வெளியேறும்போது இந்த இழுப்பு இன்னும் அதிகம்.

தடை இருந்தாலும் 'வாங்க சார், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்' என்று யாராவது கூப்பிடலாம். லைஃப் ஜாக்கெட் கேட்டால் இருக்காது. ஏற வேண்டாம். கடலில் குளிப்பதும் அப்படித்தான். லைட் ஹவுஸ் குப்பம் கடற்கரையில் அலையின் இழுப்பு அதிகம், குளிக்கப் போய் மூழ்கியவர்கள் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன.

மழைக்காலத்தில் எப்போது போவது நல்லது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏரி நிரம்பி நிற்கும் அழகைப் பார்க்கணும்னா இதுதான் நேரம். ஆனா புயல் வரும் நேரமும் இதுவேதான். கிளம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கை. திருவள்ளூருக்கு ஆரஞ்சு, ரெட் அலர்ட் இருந்தால் பிளானைத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களின் புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1, 2-ம் எண் கூண்டு என்றால் புயல் தூரத்தில் உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே துண்டிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லப்பட்ட நாளில், சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் கடற்கரைக்குப் போக வேண்டாம்.

மூன்று, ஆரணி ஆற்றின் வெள்ளம். ஆந்திராவில் இருக்கும் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குத்தான் வந்து சேரும். வழியில் தரைப்பாலங்கள் மூழ்கலாம்.

புயல் வேறு எங்கோ கரையைக் கடக்கிறது என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. வெள்ளத்தில் மிதந்தது சென்னையும் திருவள்ளூரும்.

நிம்மதியாகப் பார்க்கணும்னா மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சரியான நேரம். பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்குவதும் இந்தச் சமயத்தில்தான். கூழைக்கடா, சங்குவளை நாரை, வெளிநாட்டு வாத்துகள் எல்லாம் பார்க்கலாம். அண்ணாமலைச்சேரி பக்கம் பறவை பார்க்கிறவர்கள் அதிகம் போகும் இடம். ஆந்திர எல்லையில் சூலூர்பேட்டையில் பூநாரைத் திருவிழாவே நடத்துகிறார்கள்.

ஊருக்குள் என்ன பார்க்கலாம்?

டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கடற்கரை வியாபாரத்துக்குத் தலைநகரமாக இருந்த ஊர் பழவேற்காடு. 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை இதுதான் மையம். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் போனார்கள். கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு மட்டும்தான். ஆனா டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலிலேயே எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும்.

இன்னொரு சுவாரஸ்யம், மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது புலிகாட், அதாவது பழவேற்காடு. இந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து போன துணி, ஊர்ப் பெயரையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது.

போர்ச்சுகீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா தேவாலயம், பழைய பள்ளிவாசல்கள், ஆதிநாராயணப் பெருமாள் கோயில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பனை ஓலையில் பெண்கள் பின்னும் கூடை, பெட்டிகளும் இங்கே விசேஷம்.

மீன் வாங்கும்போது எதைக் கவனிக்கணும்?

* கையில் எடுத்தால் கனமாக இருக்கும் நண்டை எடுங்கள். சமீபத்தில் ஓடு கழற்றிய நண்டுக்குள் தண்ணீர்தான் இருக்கும். ஓட்டை அழுத்தினால் அமுங்கினால் வேண்டாம்.
* வயிற்றில் சினை ஒட்டியிருக்கும் நண்டை வாங்காதீர்கள். அது அடுத்த வருஷத்து நண்டு.
* இறாலின் தலை கழன்று தொங்கினாலோ, தலை கருத்திருந்தாலோ அது பழசு.
* மீன் என்றால் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கணும்.
* ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நேரத்தில் கடல் மீன் வரத்து குறையும், விலை ஏறும்.
* ஐஸ் பெட்டி கையோடு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையை ஏரிக்கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். அது நேராக வலைக்குத்தான் போகும்.

துறைமுக விரிவாக்கத்துக்கு ஏன் எதிர்ப்பு?

பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கிறது காட்டுப்பள்ளி துறைமுகம். 2018-ல் அதானி குழுமம் இதை வாங்கியது. 330 ஏக்கராக இருக்கும் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. வேலைவாய்ப்பும் ஏற்றுமதியும் பெருகும் என்பது ஆதரவுத் தரப்பின் வாதம்.

மீனவர்களின் பயம் வேறு. இங்கே கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய மணல் கரை மட்டும்தான். கடலுக்குள் பெரிய கட்டுமானம் வந்தால் மணல் நகர்வு மாறும், வடக்கில் கடல் அரிப்பு அதிகமாகும், கடைசியில் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்கிறார்கள். 2021 ஜனவரி, 2023 செப்டம்பர் என இரண்டு முறை அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்கணும். அங்கிருந்து பழவேற்காடு சுமார் 20 கிலோமீட்டர், பஸ் வசதி உண்டு. சொந்த வண்டியில் போகிறவர்கள் ரெட்ஹில்ஸ், பொன்னேரி வழியாகப் போகலாம். ஊரிலிருந்து ஏரியைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போக இப்போது பாலம் இருக்கிறது, அதுக்குப் படகு தேவையில்லை.

தங்குவதற்குப் பெரிய ஹோட்டல்களை எதிர்பார்க்காதீர்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடும்படி பிளான் பண்ணுவதே நல்லது.

சுருக்கமாகச் சொன்னால்:

* போகலாம். ஆனா அலர்ட், கூண்டு, ஆரணி ஆறு மூன்றையும் பார்த்துவிட்டு.
* சாப்பிடலாம், வாங்கலாம். ஏரிக்கரையில் நேரடியாக வாங்கினால் பிடித்தவர் கைக்கே காசு போகும்.
* படகில் ஏறக் கூடாது. யார் கூப்பிட்டாலும், எவ்வளவு அமைதியாகத் தண்ணீர் தெரிந்தாலும்.
* கரையில் யாராவது மீனவரைப் பார்த்தால், 'முகத்துவாரம் திறந்திருக்காண்ணா?' என்று கேட்டுப் பாருங்கள். அந்த வருஷம் ஊர் எப்படி இருக்கிறது என்பதை அவர் சொல்லும் பதிலிலேயே தெரிந்துகொள்ளலாம்.